பூத்தராசில் பொன் நிறுக்கலாமா? கம்பைலர் பெஞ்ச்மார்க் தொகுதியைச் சோதிக்கும் முறை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை நிறுக்கும் தராசும், தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசும் செய்வது ஒரே வேலைதான். பூத்தராசின் மேல் மின்விசிறிக் காற்று பட்டு எண் ஓரிரு கிராம் ஆடினால் விற்பவரும் வாங்குபவரும் பொருட்படுத்துவதில்லை. நகைக்கடையில் அதே ஆட்டம் ஒரு மோதிரத்தின் விலையை மாற்றிவிடும் என்பதால்தான் அங்கே கண்ணாடிக் கூண்டு வைத்திருக்கிறார்கள். நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர்; மாற்றும்போதே நிரலை வேகமாக்குவது அதன் உகப்பாக்கம். அந்தத் திறனை அளக்க நாம் திரட்டும் பெஞ்ச்மார்க் தொகுதியும், அதாவது சோதனை நிரல்களின் தொகுப்பும், ஒரு தராசே. அது எவ்வளவு நுட்பமாக நிறுக்கும் என்று தெரிந்துகொள்ளாமலே, புதிய கம்பைலர் ஒரு விழுக்காடு வேகம் கூடியது என்று அறிக்கை எழுதுகிறவர் பூத்தராசில் பொன் நிறுக்கிறார்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் சிலருடைய திட்டப்பணிகளுக்கு நான் உதவி வருகிறேன். கம்பைலரைத் தலைப்பாக எடுத்துக்கொள்பவர்கள் ஏறத்தாழ ஒரே வழியில்தான் செல்கிறார்கள். இருபது சி நிரல்களைச் சேர்த்து, அவற்றை ஓ2, ஓ3 என்னும் இரண்டு உகப்பாக்க நிலைகளில் (எண் கூடக் கூட உகப்பாக்கமும் கூடும்; ஓ0 என்றால் உகப்பாக்கம் இல்லை) கம்பைல் செய்து, ஒரு ஸ்கிரிப்டைக் கொண்டு ஓட்டி, நேரங்களை வண்ணப் பட்டை வரைபடமாக்கி விடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், "இந்த வேறுபாடு கம்பைலரால் வந்தது, கணினியால் வந்ததல்ல என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களிடம் லினக்ஸ் ஓடும் ஒரு மடிக்கணினி, ஜிசிசி அல்லது கிளாங் என்னும் சி கம்பைலர், இருபது நிரல்கள் கொண்ட ஒரு தொகுதி, அவற்றைக் கட்டி (அதாவது கம்பைல் செய்து ஓட்டத்தக்க கோப்பாக்கி) ஓட்டி நேரம் குறிக்கும் ஸ்கிரிப்ட் ஆகியவை இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். இவற்றுக்கு மேல் செலவு எதுவும் தேவையில்லை.

விடை சரியா என்பது முதல் கேள்வி

ஒரு நிரல் தவறான விடையை விரைவாகத் தருமானால் அந்த வேகத்துக்கு மதிப்பில்லை. ஆகவே தொகுதியில் உள்ள ஒவ்வொரு நிரலும் தன் வெளியீட்டை எதிர்பார்க்கப்படும் வெளியீட்டோடு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டுமே நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும். பலருடைய ஸ்கிரிப்டில் இந்த ஒப்பீடு இருக்கிறது. அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்த்தவர்கள் குறைவு. பார்ப்பதற்கு வழி எளிது. எதிர்பார்ப்புக் கோப்பு ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். இன்னொரு நிரலைப் பாதியில் பிழைக்குறியோடு வெளியேறச் செய்யுங்கள். மூன்றாவதை முடிவில்லாத லூப்பில், அதாவது நிற்காமல் சுற்றும் சுற்றில், விடுங்கள். இம்மூன்றையும் தொகுதி தோல்வி என்று அறிவிக்க வேண்டும். மூன்றாவதைக் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானே நிறுத்தவும் வேண்டும். நான் பார்த்த ஒரு தொகுதி, தோற்ற நிரலைச் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மீதமிருந்தவற்றுக்குச் சராசரி கண்டது. தோற்றது மெதுவான நிரலாக இருந்ததால் சராசரி முன்பைவிட அழகாக வந்தது.

முடிவில்லாத லூப் என்பது வெறும் கற்பனை ஆபத்து அன்று. 2013-இல் வெளிவந்த ஜிசிசி 4.8, கணினிகளின் வேகத்தை ஒப்பிடப் பயன்படும் ஸ்பெக் சிபியு 2006 என்னும் பெஞ்ச்மார்க் தொகுதியில் இருந்த எச்264ரெஃப் என்னும் காணொளிச் சுருக்க நிரலைக் குலைத்தது. அந்த நிரலின் ஒரு லூப், 16 உறுப்புகள் கொண்ட அணியில் 17-ஆவது உறுப்பை ஒருமுறை படித்துவிட்டுத்தான் நிற்கும். அணியின் எல்லையைத் தாண்டிப் படிப்பதை சி மொழியின் விதிகள் வரையறுக்கவில்லை என்பதால், அப்படி ஒருபோதும் நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு, லூப் நிற்பதற்கான நிபந்தனையையே தேவையற்றதாகக் கருதியது. குற்றம் நிரலுடையது, வெளிப்பட்டதோ கம்பைலர் மாறியபோது. உலகெங்கும் அளவுகோலாகப் பயன்பட்ட ஒரு தொகுதியிலேயே இத்தகைய பிழை ஒளிந்திருந்தது என்றால், நாம் இணையத்திலிருந்து எடுத்த நிரல்களில் என்னென்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே நேரம் அளக்கத் தொடங்கும் முன் எல்லா நிரல்களையும் ஒருமுறை நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடும், மொழி விதிகள் வரையறுக்காத நடத்தையைப் பிடிக்கும் சானிடைசரோடும் கட்டி ஓட்டி, அவை காட்டும் பிழைகளைத் திருத்திவிடுங்கள்.

தசம எண்களைக் கையாளும் நிரல்களில் வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது சரிவராது. கூட்டல் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்கள் மாறும். ஃபாஸ்ட்-மேத் என்னும் சுவிட்சை (கம்பைலருக்குக் கொடுக்கும் கட்டளைக் குறியை) போட்டால் கம்பைலர் அந்த வரிசையை மாற்றும் உரிமையைப் பெறுகிறது. ஏற்கத்தக்க வேறுபாட்டின் எல்லையை நிரலுக்கு நிரல் தனியாக வையுங்கள். அந்த எல்லைக்குச் சற்று உள்ளேயும் சற்று வெளியேயும் உள்ள எண்களைக் கொடுத்து ஒப்பீட்டையும் சோதித்துவிடுங்கள்.

நிரல் வேலை செய்கிறதா, செய்வதுபோல் காட்டுகிறதா?

உகப்பாக்கம் செய்யும் கம்பைலர், யாருக்கும் தேவைப்படாத கணக்கைச் செய்யாது. கோடி முறை சுற்றிக் கூட்டிய தொகையை அச்சிடாமல் விட்டால் அந்த லூப் முழுவதையும் அது நீக்கிவிடும். உள்ளீட்டை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால், சில நேரங்களில் விடையைக் கம்பைல் செய்யும்போதே கணக்கிட்டு வைத்துவிடும். அப்போது நீங்கள் அளப்பது கணக்கின் வேகத்தை அல்ல, ஒரு மாறிலியை அச்சிடும் வேகத்தை.

பழைய பெஞ்ச்மார்க்குகளின் வரலாற்றில் பாதி இந்தச் சிக்கல்தான். ரைன்ஹோல்ட் வைக்கர் 1984-இல் எழுதிய டிரைஸ்டோன் நிரலில் கம்பைலர்கள் பயனற்ற பகுதிகளைக் கண்டு நீக்கத் தொடங்கியதால், 1988-இல் அதை அவர் திருத்த வேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த முதல் ஸ்பெக் தொகுதியில் மேட்ரிக்ஸ்300 என்ற நிரல் இருந்தது. அதன் ஓட்டநேரத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு ஒரே ஒரு வரியில் கழிந்தது. மேட்ரிக்ஸைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கேஷ் என்னும் வேகமான சிறு நினைவகத்துக்குள் வைத்துப் பெருக்கும் உத்தியைக் கம்பைலர்கள் கற்றுக்கொண்டதும் அந்த ஒரு நிரலின் மதிப்பெண் பன்மடங்கு எகிறி, மொத்தச் சராசரியையும் தூக்கிவிட்டது. அடுத்த தொகுதி வந்தபோது அந்த நிரல் நீக்கப்பட்டிருந்தது. அந்த உகப்பாக்கம் ஏமாற்று அன்று, நல்ல உத்திதான். ஒரு வரியை அளந்துவிட்டுக் கம்பைலரையே அளந்ததாக நினைத்ததுதான் பிழை.

உங்கள் தொகுதியில் இதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் போதும். முதலாவதாக, உள்ளீட்டின் அளவை இரட்டிப்பாக்கி, அல்காரிதத்துக்கு ஏற்ற அளவில் நேரமும் கூடுகிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் வேலை நடக்கவில்லை. இரண்டாவதாக, ஓ0 நிலையையும் ஓ2 நிலையையும் ஒப்பிடுங்கள். சில மடங்கு வேறுபாடு இயல்பானது. ஆயிரம் மடங்கு வேறுபாடு வந்தால் கணக்கு காணாமல் போயிருக்கிறது. மூன்றாவதாக, லினக்ஸின் பெர்ஃப் என்னும் அளவீட்டுக் கருவியின் அறிக்கையில் நேரம் எந்த ஃபங்ஷன்களில் கழிகிறது என்று பார்த்து, ஒரே ஃபங்ஷனில் முழு நேரமும் போகும் நிரல்களைத் தனியே குறித்துவையுங்கள். அவற்றை நீக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அறிக்கையில் அவற்றின் எண்ணைத் தனியாகக் காட்ட வேண்டும். உள்ளீட்டைக் கோப்பிலிருந்து படித்து, விடையை அச்சிட்டு, அந்த விடையைச் சரிபார்க்கும் நிரலில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. மாறிகளுக்கெல்லாம் வாலட்டைல் (இதன் வாசிப்பையும் எழுத்தையும் நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) என்று முன்னொட்டுப் போட்டுத் தப்பிக்க முயல்கிறவர்கள், அளக்க வந்த உகப்பாக்கத்தையே தடுத்துவிடுகிறார்கள்.

சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும் நிரல்களில் பெரும்பகுதி நேரம் இயங்குதளம் நிரலைத் தொடங்கி வைப்பதிலேயே போகும். ஒவ்வொரு நிரலும் சில நொடிகளாவது ஓடும்படி உள்ளீட்டை அமையுங்கள்.

ஒன்றையே இருமுறை நிறுத்துப் பார்த்தல்

இந்தக் கட்டுரையில் உள்ள சோதனைகளில் ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரே கம்பைலரால், ஒரே சுவிட்சுகளோடு கட்டிய ஒரே நிரல்கோப்பை இரண்டு பெயர்களில் நகலெடுத்து, ஒன்றைப் பழையது என்றும் மற்றதைப் புதியது என்றும் தொகுதியிடம் கொடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று அது சொல்ல வேண்டும். முதன்முறை ஓட்டும்போது பெரும்பாலான தொகுதிகள் அப்படிச் சொல்வதில்லை.

எனக்கு இந்தப் பாடம் ஒரு மே மாதப் பிற்பகலில் கிடைத்தது. திருநகரில், மொட்டை மாடிக்கு நேர்கீழே இருந்த அறை. வெளியே நாற்பது டிகிரியைத் தொட்ட வெயில். பழைய கம்பைலரின் நிரல்களைப் பத்து முறை ஓட்டி முடித்துவிட்டு, அதன் பிறகு புதியதைப் பத்து முறை ஓட்டினேன். புதியது மெதுவாக இருந்தது. பின்னடைவுக்குக் காரணம் தேடி கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளியை, அதாவது பிராசசர் கட்டளைகளை, இரண்டு நாட்கள் புரட்டிய பிறகு, மூன்றாம் நாள் விடியற்காலையில் வரிசையை மாற்றி ஓட்டியபோது பழையது மெதுவாகிவிட்டது. இரண்டாவதாக ஓடியது எதுவோ அதுவே தோற்றது. பிராசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டதுதான் நான் தேடிய பின்னடைவு. திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு மாணவரிடம் இதைச் சொன்னபோது, "சார், நான் லேப்டாப்பை மெத்தையில் வைத்து ஓட்டினேன்" என்று தயங்கிக்கொண்டே ஒப்புக்கொண்டார். காற்றுத் துளைகள் மெத்தையில் அடைபட்ட கணினியின் அளவீட்டை எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது.

ஆகவே முதலில் கணினியை அடக்குங்கள். பிராசசரின் டர்போ வேகத்தை அணைத்துவிட்டு, அதிர்வெண் நிர்வாகியை பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வையுங்கள். டாஸ்க்செட் கட்டளையைக் கொண்டு நிரலைப் பிராசசரின் ஒரு குறிப்பிட்ட கோரில் மட்டுமே ஓடும்படி கட்டிப்போடுங்கள். உலாவியையும், பின்னணியில் தானாக நடக்கும் அப்டேட்டுகளையும் நிறுத்துங்கள். மின்சாரம் போய் மடிக்கணினி பேட்டரிக்கு மாறினால் மின்சேமிப்பு அமைப்புகளும் மாறக்கூடும் என்பதால், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் சார்ஜர் இணைப்பு இருந்ததா என்பதை ஸ்கிரிப்ட் பதிவு செய்து, இடையில் அறுந்த ஓட்டத்தை ஒதுக்கிவிட வேண்டும். முதல் ஓட்டத்தில் உள்ளீட்டுக் கோப்பு வட்டிலிருந்து வரும், அடுத்தவற்றில் நினைவகத்திலிருந்து வரும் என்பதால் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து, வரிசையைக் கலையுங்கள். பழையது பத்து, புதியது பத்து என்று அடுக்காமல், பழையது ஒன்று புதியது ஒன்று என மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு சோடியிலும் எது முந்துவது என்பதை நாணயம் சுண்டுவதுபோல் ஸ்கிரிப்ட் முடிவு செய்யட்டும். அறையின் சூடு மெல்ல ஏறினாலும் அது இரு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிடப்படும். பெர்ஃப் ஸ்டாட் தரும் பிராசசர் கட்டளைகளின் எண்ணிக்கையையும் அதன் கடிகாரச் சுழற்சிகளின் எண்ணிக்கையையும் நேரத்தோடு சேர்த்துப் பதிவு செய்வதை நான் வலியுறுத்துவேன். கட்டளை எண்ணிக்கை மாறாமல் நேரம் மட்டும் மாறினால் முதலில் கணினியைச் சந்தேகியுங்கள், பிறகு கம்பைலரைப் பாருங்கள். ஆனால் கட்டளைகள் குறைந்ததாலேயே நிரல் வேகமாகிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. கேஷில் கிடைக்காத ஒரே ஒரு நினைவக வாசிப்பு நூற்றுக்கணக்கான சுழற்சிகளை விழுங்கிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கள்வன் மிச்சமிருக்கிறான்: நினைவகத்தில் நிரல் எந்த இடத்தில் அமர்கிறது என்பது. லினக்ஸில் நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் சூழல் மாறிகளின் மொத்த நீளம் மாறினாலே, ஃபங்ஷன்களின் உள்மாறிகள் இருக்கும் ஸ்டாக் என்னும் நினைவகப் பகுதி தொடங்கும் முகவரி நகர்ந்துவிடும்; பயனர்பெயர் நீளமாக இருப்பதுகூட அந்த நீளத்தைக் கூட்டும். இந்த நீளமும், தனித்தனியே கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்புகளை, அவற்றை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கருக்குக் கொடுக்கும் வரிசையும், ஓ3 நிலை ஓ2-ஐவிட மேலானதா கீழானதா என்னும் முடிவையே புரட்டிப்போடக்கூடும் என்று 2009-இல் மித்கோவிச், திவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி ஆகிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2013-இல் கர்ட்சிங்கரும் பெர்கரும், ஓடும்போதே நிரலின் இருப்பிடத்தைத் திரும்பத் திரும்பக் குலைக்கும் கருவி ஒன்றை உருவாக்கி அளந்தபோது, கிளாங்குக்கு அடிப்படையான எல்எல்விஎம் கம்பைலரில் ஓ2-க்கு மேல் ஓ3 தரும் பயனைத் தற்செயலான இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை.

எனவே ஒரே கோப்பை இருமுறை நிறுப்பது முதல் படி மட்டுமே. அதில் தொகுதி தேறியதும், அதே மூலநிரலை அதே கம்பைலரால், லிங்க் வரிசையை மட்டும் மாற்றி ஐந்தாறு முறை கட்டி, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பொய்யான ஒரு சூழல் மாறியைச் சேர்த்து, அதன் நீளத்தை ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். இவற்றுக்கிடையே தெரியும் வேறுபாடுதான் உங்கள் தராசின் ஆட்டம். ஒவ்வோர் ஓட்டத்திலும் நினைவக முகவரிகளைத் தற்செயலாக்கும் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வசதியை அணைத்துவிட்டால் எண்கள் சீராகிவிடும் என்று பலர் அறிவுரை கூறுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அணைத்தால் எண்கள் சீராகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஓர் இருப்பிடத்தில் நிலைத்த எண் அது, அந்த இடம் நல்லதா கெட்டதா என்று தெரியாது. பிழை தேடும்போது அணையுங்கள், இறுதி அளவீட்டின்போது இயங்க விடுங்கள்.

இன்னொரு கணக்கையும் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு நிரலுக்கும் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியைக் கொண்டு வேறுபாடு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறீர்கள் என்றால், வேறுபாடே இல்லாத இருபது நிரல்களில் சராசரியாக ஒன்று வேறுபாடு உண்டு என்று பொய் எச்சரிக்கை எழுப்பும். ஒரே கோப்பை நிறுக்கும் சோதனையில் அப்படி ஒன்று தோன்றினால் பதற வேண்டாம். மறுமுறை ஓட்டும்போதும் அதே நிரல்தான் எச்சரிக்கை எழுப்புகிறது என்றால் மட்டும் அந்த நிரலைத் தோண்டுங்கள்.

தெரிந்த எடைக்கல்லை வைத்தல்

எதுவும் மாறாதபோது பேசாமல் இருப்பது தராசின் ஒரு பாதி. எதை வைத்தாலும் பேசாத தராசும் முதல் சோதனையில் தேறிவிடும் என்பதால், மாறியபோது அது பேசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைத்தெருவில் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பதுபோல, நமக்கு அளவு தெரிந்த ஒரு தாமதத்தை நாமே நிரலுக்குள் வைக்கலாம். முக்கிய லூப் 1,000 முறை சுற்றும் நிரலின் நகல் ஒன்றில் அதை 1,010 முறை சுற்ற வைத்தால் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடுதல் வேலை. 1,020 என்றால் இரண்டு, 1,050 என்றால் ஐந்து. இந்த நகலுக்கு மட்டும் வெளியீட்டு ஒப்பீட்டை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நிரலில், பழையது புதியது என்னும் இரண்டில் எதில், எத்தனை விழுக்காடு வைத்திருக்கிறது என்பதை உங்கள் குழுவில் இன்னொருவர் முடிவு செய்து மறைத்துவைக்கட்டும்; தொகுதியின் அறிக்கையை மட்டும் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை இப்படி ஆடிப் பார்த்தால், ஐந்து விழுக்காட்டை எப்போதும் பிடிக்கும் தொகுதி இரண்டு விழுக்காட்டைச் சில நேரமும் ஒரு விழுக்காட்டைத் தற்செயலாகவும்தான் பிடிக்கிறது என்பதுபோல் ஏதேனும் ஓர் எல்லை தெரியவரும். தவறாமல் பிடிபடும் மிகச் சிறிய அளவே உங்கள் தொகுதியின் நுட்பம். அதற்குக் கீழே வரும் எந்த வேறுபாட்டையும் கம்பைலரின் கணக்கில் எழுதாதீர்கள். ஓட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டி எல்லையை ஓரளவு கீழே இறக்கலாம். லிங்க் வரிசையால் வரும் ஆட்டமோ எத்தனை முறை ஓட்டினாலும் குறையாது, பல வகையாகக் கட்டி ஓட்டினால்தான் குறையும்.

எடைக்கல் நேரத்தை அளக்கும் திறனைச் சோதிக்கிறது. உகப்பாக்கங்களைத் தொகுதி தொடுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குக் கம்பைலரின் சுவிட்சுகளையே பயன்படுத்தலாம். ஃபங்ஷன்களை அழைக்கும் இடத்திலேயே உள்ளிணைக்கும் உகப்பாக்கத்தை அணைத்து ஒருமுறை, பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் வெக்டர் கட்டளைகளாக்கும் உகப்பாக்கத்தை அணைத்து ஒருமுறை என்று ஓட்டி, எந்தெந்த நிரல்கள் மெதுவாகின்றன என்று அட்டவணை இடுங்கள். ஒரு சுவிட்சை அணைத்தபோது இருபதில் ஒன்றுகூட அசையவில்லை என்றால், அந்த உகப்பாக்கத்தைப் பற்றிப் பேச உங்கள் தொகுதிக்குத் தகுதி இல்லை. ஜிசிசியின் ஆப்ட்-இன்ஃபோ அறிக்கையும் கிளாங்கின் ஆர்பாஸ் அறிக்கையும் எந்த லூப் மாற்றப்பட்டது என்பதை வரி எண்ணோடு சொல்லும். அவற்றோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும். இங்கே ஒரு வழுக்குப் பாறையும் உண்டு: 2022-இல் வந்த ஜிசிசி 12 முதல், வெக்டராக்கம் ஓ2 நிலையிலேயே இயங்குகிறது, அதற்கு முந்தைய பதிப்புகளில் ஓ3-இல்தான் தானாக இயங்கும். பதிப்பு 11-இன் ஓ2-ஐயும் பதிப்பு 12-இன் ஓ2-ஐயும் ஒப்பிடுகிறவர் இதை அறியாமல் போனால், முன்னிருப்பு அமைப்பு (எதுவும் சொல்லாதபோது தானாக இயங்குவது) மாறியதைக் கம்பைலர் அறிவு வளர்ந்ததாக எழுதிவிடுவார்.

மாணவர்களின் தொகுதிகளில் ஃபிபனாச்சி, பகா எண், மேட்ரிக்ஸ் பெருக்கல், குமிழி வரிசையாக்கம் ஆகியவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. இவை எல்லாம் சிறு லூப்கள். கோப்புச் சுருக்கி, உரைபகுப்பி, சிறிய மொழி ஒன்றின் இன்டர்பிரெட்டர், சுட்டிகளைத் தொடர்ந்து செல்லும் மர அமைப்பு ஆகியவற்றையும் சேர்த்தால்தான் கிளைப்பிரிவும் நினைவகமும் அளவுக்குள் வரும். எல்எல்விஎம் திட்டத்தின் சோதனைத் தொகுதி திறந்த மூலமாகக் கிடைக்கிறது, அதிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

ஒற்றை எண்

இருபது நிரல்களின் விடையை ஓர் எண்ணாகச் சுருக்கும்போது, விகிதங்களுக்குக் கூட்டுச் சராசரி எடுக்காதீர்கள். முதல் நிரல் பழைய கம்பைலரில் 10 நொடி, புதியதில் 20 நொடி; இரண்டாவது நிரல் பழையதில் 20, புதியதில் 10 என்று கொள்வோம். புதியதைப் பழையதால் வகுத்தால் 2-உம் 0.5-உம், கூட்டுச் சராசரி 1.25. பழையதைப் புதியதால் வகுத்தாலும் அதே 1.25 வருகிறது. அதாவது ஒவ்வொன்றும் மற்றதைவிட மெதுவாம். பெருக்குச் சராசரி (எண்களைப் பெருக்கி, எத்தனை எண்களோ அத்தனையாவது மூலம் காண்பது) இரு முறையும் 1 தரும். ஃபிளெமிங், வாலஸ் என்னும் ஆய்வாளர்கள் 1986-இல் இதை வாதிட்டு எழுதினார்கள். ஸ்பெக் தொகுதிகளும் பெருக்குச் சராசரியையே பயன்படுத்துகின்றன. உங்கள் ஸ்கிரிப்டில் எதை எதால் வகுப்பது என்னும் அடிப்படையை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்; இரண்டு விடைகளையும் பெருக்கினால் 1 வர வேண்டும். அந்த எண்ணுக்கு அருகிலேயே நிரல்வாரி அட்டவணையும் இருக்கட்டும், ஏனெனில் மேட்ரிக்ஸ்300 போன்ற ஒன்று உள்ளே ஒளிந்திருந்தால் சராசரியில் அது தெரியாது. கம்பைல் செய்ய எடுத்த நேரத்தையும் நிரல்கோப்பின் அளவையும் கூடவே பதிந்துவையுங்கள்.

கர்னல் புதுப்பிக்கப்பட்டாலோ, கணினி மாறினாலோ, தொகுதியில் ஒரு நிரல் கூடினாலோ குறைந்தாலோ, ஒரே கோப்பை நிறுக்கும் சோதனையையும் எடைக்கல் சோதனையையும் திரும்பச் செய்து, கிடைத்த நுட்ப அளவைத் தேதியோடு அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மதுரைத் தூசிக்கு மடிக்கணினி விசிறி ஓராண்டில் அடைத்துக்கொள்ளும். அதைத் துடைத்து மாட்டிய அன்றும் ஒருமுறை செய்துவிடுங்கள்.